நிலத்துக்குப் போராடுகிறோம், வாரிசுச் சான்றுக்கு யார் போவது?

நில உரிமை என்று பேச்சை எடுத்தால் நம் கூட்டங்களில் முதலில் வருவது பஞ்சமி நிலம்தான். வர வேண்டியதும் அதுதான். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கை, அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணை, சென்னை மாகாணத்தில் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 12 லட்சம் ஏக்கர், காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஜான் தாமஸ், ஏழுமலை. இந்த வரலாறு நம் தம்பி தங்கைகளுக்கு மனப்பாடம்.

இங்கே நாம் பேச வருவது அதற்கு அடுத்த கேள்வியை. இன்றைக்கு நம் கையில் மிஞ்சியிருக்கிற நிலம் இருக்கிறதே, தாத்தா பெயரில் உள்ள அரை ஏக்கர், அம்மா பெயரில் ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மூன்று சென்ட் மனை, அவர்கள் கண்ணை மூடியபின் அது யாரிடம் போகிறது? எந்தத் தாள் வழியாகப் போகிறது? இதற்கு நம்மிடம் முழக்கமும் இல்லை, துண்டறிக்கையும் இல்லை. ஆனால் காலனிகளில் வேலை செய்கிற நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். அடித்துப் பிடுங்கப்பட்ட நிலம் ஒரு பக்கம். சாவுக்குப் பின் எழுத வேண்டிய தாளை எழுதாததால் கைநழுவுகிற நிலம் இன்னொரு பக்கம்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் மொத்த சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள் தொகையில் நாம் ஆறில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி ஐந்தில் ஒரு பங்கு. இருப்பதே இவ்வளவுதான் என்னும்போது, அதை அடுத்த தலைமுறைக்குச் சேதாரம் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது குடும்ப விவகாரம் மட்டும் அல்ல. வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், உயில் ஆகிய மூன்றும் நில உரிமைப் போராட்டத்தின் பாதி வேலை என்பது எங்கள் கருத்து.

நிலம் எப்படி நழுவுகிறது என்று பார்ப்போம். பட்டா கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் இறந்ததை யாரும் பதியவில்லை. 1980-களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத நம் ஆட்களில் அன்றைக்கு ஊரில் யார் இருந்தாரோ அவர் பெயர் மட்டும் ஏறியது. சில இடங்களில் பக்கத்து நிலக்காரர் பெயரே ஏறியது. இன்றைக்குக் கணக்குப் போட்டால் இருபதுக்கும் மேற்பட்ட வாரிசுகள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஒருவர் பெங்களூரில் கட்டட வேலையில், ஒருவர் ஊரிலேயே கடனில். நான்கு வழிச்சாலை வருகிறது என்று பேச்சு வந்ததும் தரகர் வருவார். இருபது பேரையும் தேடிப்போக மாட்டார். கடனில் இருக்கிற அந்த ஒருவரைப் பிடிப்பார். கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, பிரிபடாத பங்கு என்று ஒரு பத்திரமோ, பொது அதிகாரப் பத்திரமோ எழுதி வாங்குவார். ஜே.சி.பி. வந்து வரப்பை உடைக்கும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்டவரைத் துரோகி என்று திட்டுவது சுலபம். ஆனால் அவரைத் தனியாகப் பிடிக்க முடிந்ததே மூன்று தலைமுறையாக யாரும் பெயர் மாற்றாததால்தான். எல்லா வாரிசுகளும் பெயர் தெரிய ஒரு தாளில் இருந்திருந்தால் தரகருக்கு இது இவ்வளவு லேசாக இருந்திருக்காது.

அரசு நிலம் எடுக்கும்போதும் இதே கதை. இழப்பீடு பட்டாவில் பெயர் உள்ளவரைத் தேடித்தான் வரும். அவர் இறந்து நாற்பது வருடம் ஆகியிருக்கும். வாரிசுத் தகராறு என்று குறிப்பு எழுதினால் பணம் வீட்டுக்கு வராது, வழக்குக்குப் போய்விடும். பயிர்க்கடனோ வீடு கட்டும் திட்டமோ, முதலில் கேட்பது உங்கள் பெயரில் பட்டா இருக்கிறதா என்பதுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் அதே சிக்கல். 2015 திருத்தத்துக்குப் பின் பிரிவு 3(1)(எஃப்), 3(1)(ஜி) ஆகியவை நம் நிலத்தை ஆக்கிரமிப்பதையும் நம்மை நிலத்திலிருந்து வெளியேற்றுவதையும் வன்கொடுமை என்றே சொல்கின்றன. சட்டப்படி அனுபவத்தில் இருந்தாலே போதும், பட்டா கட்டாயம் இல்லை. ஆனால் புகாரோடு காவல் நிலையம் போனால் முதல் கேள்வி "நிலம் யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். அந்த இடத்தில் பல புகார்கள் சிவில் விவகாரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுகின்றன.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், அவருடைய சொந்தச் சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகிய எல்லோருக்கும் சமமாகப் போகும். இது 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணமான மகளுக்கும் உண்டு. 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும், 2005-ல் வந்த மத்தியத் திருத்தமும், 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டா என்பதைப் பற்றியவை. அப்பா சம்பாதித்ததில் மகளுக்குப் பங்கு 2005-ல்தான் வந்தது என்று இன்றைக்கும் நம் தோழர்களே சொல்கிறார்கள். அது தவறு. சட்டத்தில் இந்து என்ற சொல்லுக்குள் பௌத்தர்களும் அடக்கம். பாபாசாகேப் வழியில் பௌத்தம் தழுவிய குடும்பங்களுக்கும் வாரிசு விஷயத்தில் இதே சட்டம்தான்.

தாய் ஒரு வாரிசு என்பதைப் பல வீடுகளில் மறந்தே போகிறார்கள். மகன் விபத்தில் போய்விடுகிறான். மருமகளும் பேரப்பிள்ளைகளும் சான்றுக்கு மனு போடுகிறார்கள். கிழவிக்கு எதற்கு என்று பெயர் விடுபடுகிறது. இன்னொரு வீட்டில், கட்டிக்கொடுத்த அக்கா பெயரைத் தம்பிகள் விட்டுவிடுகிறார்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இன்னார் வாரிசு என்று மட்டும்தான் சொல்லும். சொத்து யாருடையது என்று அது தீர்மானிக்காது. பட்டாவும் அப்படித்தான், வருவாய்த்துறைக் கணக்குக்கான தாள், உரிமைப் பத்திரம் அல்ல. பெயர் விடுபட்டதால் உரிமை போய்விடாது. ஆனால் விடுபட்ட பெயரை மறுபடி ஏற்ற ஒரு கூலித் தொழிலாளிப் பெண் எத்தனை நாள் வேலையை விட்டு அலைய வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

விடுதலைப் பத்திரத்தைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு மகள்களைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், பங்கு வேண்டாம் என்று கையெழுத்து வாங்குவது காலனியிலும் நடக்கிறது. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசற்படி ஏற முடியாது, பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் வராது என்ற பயம்தான் அந்தக் கையெழுத்தை வாங்குகிறது. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை என்று தீர்மானம் போட்டது. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு தரும் இந்து சட்ட மசோதா நிறைவேறாமல் முடக்கப்பட்டபோது, அண்ணல் அம்பேத்கர் 1951-ல் அமைச்சர் பதவியையே தூக்கிப்போட்டார். அவர் படத்தை வீட்டு முற்றத்தில் மாட்டி வைத்துக்கொண்டு, அக்காவின் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குகிற தம்பியை நாம் இன்னும் தோழர் என்றுதான் கூப்பிடுகிறோம்.

உயில் எழுதாமல் விட்டால் சட்டமே சமமாகப் பிரித்துக் கொடுக்கிறதே, பின் உயில் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல குடும்பங்களுக்கு உண்மையிலேயே உயில் தேவையில்லை. இறப்பைப் பதிந்து, வாரிசுச் சான்று வாங்கி, எல்லோர் பெயரிலும் கூட்டுப்பட்டா மாற்றினாலே போதும். ஆனால் நம் மக்களிடையே அடிக்கடி வருகிற நான்கு நிலைமைகளில் உயில் இல்லாவிட்டால் அநியாயம் நடக்கும்.

முதலாவது, பிள்ளை இல்லாத விதவை. ஒரு பெண் தானே சம்பாதித்த சொத்து, அவளுக்குக் கணவனும் பிள்ளையும் இல்லாவிட்டால், 1956 சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி கணவனின் வாரிசுகளுக்குத்தான் முதலில் போகும், அவளைப் பெற்றவர்களுக்கு அல்ல. 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், கல்யாணமான மூன்று மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்ட ஒரு பெண், பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய்ச் சேர்த்ததெல்லாம், அவர் உயில் எழுதாமல் இறந்ததால், விரட்டிய அந்தக் குடும்பத்துக்கே போனது. சட்டத்தில் எழுதியிருப்பது அதுதான் என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பெண் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

இரண்டாவது, மதம் மாறிய குடும்பம். தாத்தா இந்து, அப்பா கிறிஸ்தவரானார், அதன்பின் பிறந்த பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, மதம் மாறியபின் பிறந்த பிள்ளைகள், தாங்களே இந்துவாக இல்லாதவரை, இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. மதம் மாறிய அப்பாவுக்குப் பங்கு உண்டு. அவர் தாத்தாவுக்கு முன்பே இறந்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. கிறிஸ்தவ தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கிற 1950 குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து நாம் பேசுகிறோம். இந்தப் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தாத்தா உயில் எழுதினால் இந்தத் தடை குறுக்கே வராது.

மூன்றாவது, சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்கள். "சாதி விட்டுப் போனவளுக்குப் பங்கு கிடையாது" என்று ஊரில் சொல்வதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. மகள் யாரைக் கட்டினாலும் மகள்தான். ஆனால் அப்பா தன் சொந்தச் சொத்தை வேறு யாருக்காவது உயில் எழுதிவிட முடியும். எனவே அந்த இணையர், எங்கிருந்தும் எதுவும் வராது என்று வைத்துக்கொண்டு, தங்கள் இருவரிடையே உள்ளதை முதலில் எழுதி வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால், இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அதில் சொல்லலாம்.

நான்காவது, சட்டம் உறவு என்று ஒப்புக்கொள்ளாத உறவுகள். முதல் மனைவி இருக்கும்போது வந்த இரண்டாவது மனைவி, பத்திரம் இல்லாமல் எடுத்து வளர்த்த பிள்ளை, கடைசி வரை கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொண்ட தங்கை மகள். இவர்களுக்கு வாரிசுச் சான்றில் இடம் கிடையாது. எழுதி வைத்தால்தான் உண்டு.

உயில் எழுதப் பெரிய வக்கீலோ பெரிய செலவோ வேண்டாம். முத்திரைத்தாள் கூடத் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுகிறவர் 18 வயது நிறைந்து, தெளிந்த புத்தியோடு இருக்க வேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும், அதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகளை எழுதுகிறவரைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது உயிரோடு வந்து சொல்ல வேண்டும். சொத்து வாங்குகிறவரே சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. படிக்கத் தெரியாதவர் என்றால், வாசித்துக் காட்டினோம், புரிந்துகொண்டு கைநாட்டு வைத்தார் என்று அதிலேயே எழுதுங்கள். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. படுக்கையில் இருப்பவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதியவும் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. எத்தனை முறையும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தன் பங்கை மட்டும்தான் ஒருவர் எழுத முடியும். பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருப்பதால் தம்பி தங்கைகளின் பங்கையும் சேர்த்து அவர் உயில் எழுத முடியாது.

தானசெட்டில்மென்ட் வேறு. அது எழுதிய அன்றைக்கே கைமாறிவிடும், பெரும்பாலும் திரும்ப வாங்க முடியாது. வயதானவர்களிடம் உயில் என்று சொல்லிச் செட்டில்மென்டில் கைநாட்டு வாங்கும் வேலையும் நடக்கிறது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு வாங்கிவிட்டுக் கைவிட்டால், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அதனால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வைக்க வேண்டும்.

புரோபேட் என்ற சொல்லைச் சொல்லிப் பயமுறுத்திக் காசு பறிப்பவர்களும் உண்டு. உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்றுதான் அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்குள்ள சொத்துக்கும் நெடுங்காலம் அது கட்டாயமாக இருந்தது. விழுப்புரத்திலோ கடலூரிலோ கிராமத்தில் எழுதி, அங்கேயே நிலம் இருக்கிற இந்துக் குடும்பத்துக்கு அது கட்டாயமாக இருந்ததே இல்லை.

குடும்பச் சொத்தோடு பொதுச் சொத்தையும் சேர்த்து யோசியுங்கள். பல காலனிகளில் அம்பேத்கர் படிப்பகமோ இரவுப் பாடசாலையோ நிற்கிற இரண்டு சென்ட், ஒரு பெரியவர் வாய்வார்த்தையாகக் கொடுத்தது. அவர் காலம் வரை பிரச்சினை இல்லை. அவருக்குப் பின் பேரன் வந்து என் தாத்தா நிலம் என்றால் நம்மிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அவர் இருக்கும்போதே ஒரு அறக்கட்டளை பதிந்து, அதன் பெயருக்குப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும். அறங்காவலர்களில் பெண்களும் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பேசும்போது இரண்டு எதிர்ப்புகள் வருகின்றன. ஒன்று வீட்டிலிருந்து: உயிரோடு இருக்கிறவரிடம் சாவைப் பற்றிப் பேசுவதா? சண்டைதானே வரும்? பேசாத வீடுகளில் வருகிற சண்டையைத்தான் நாங்கள் நீதிமன்ற வாசலில் பார்க்கிறோம். இன்னொன்று இயக்கத்துக்குள்ளிருந்து: தனிச்சொத்துக் கணக்குக்குள் மக்களை இழுக்கிறீர்கள், நம் இலக்கு கூட்டு நில மீட்பு அல்லவா? இதை நாம் மதிக்கிறோம். ஆனால் பஞ்சமி நிலத்தை மீட்கப் போகும் இடத்திலும் கேட்பது, முதலில் ஒப்படை பெற்றவரின் வாரிசுகள் யார் என்பதைத்தான். வம்சாவளியும் இறப்புச் சான்றும் இல்லாமல் மனுவோடு நின்றால், நிலத்தை வைத்திருப்பவரின் கிரயப் பத்திரம்தான் அங்கே பேசும்.

இந்த வேலைக்குப் பணம் இல்லை என்பதும் முழுக்கச் சரியல்ல. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன் 12-ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதி, பழங்குடியினர் அனைவருக்கும், எல்லாப் பெண்களுக்கும், வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வழக்கு நடத்துவது மட்டும் அல்ல, சட்ட ஆலோசனை தருவதும் அந்தச் சட்டத்தில் சட்டப் பணிதான். எண் 15100. இந்த உரிமையை நாம் கேட்டு வாங்குவதில்லை, அவர்களும் காலனி வரை தேடி வருவது குறைவு. ஒவ்வொரு வட்டத்திலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆணைக்குழு வக்கீல், தாசில்தார் அலுவலகம், சார்பதிவாளர் மூவரும் ஒரே நாளில் காலனியில் உட்கார்ந்து இறப்புப் பதிவு, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், உயில் ஆகியவற்றை முடித்துத் தர வேண்டும். இதை நாம் கோரிக்கையாக வைக்க வேண்டும். மனு எண்ணோடு, கையெழுத்தோடு, ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில்.

மாணவர்கள் முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் இணையதளங்களில் பட்டா, சிட்டா, வில்லங்க விவரம் ஆகியவற்றைக் காசில்லாமல் பார்க்கலாம். சட்டம் படிக்கிறவர்கள் கல்லூரிச் சட்ட உதவி மையம் வழியாகவோ, மாவட்ட ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகப் பதிந்தோ வரலாம். மற்றவர்களால் முடிந்த வேலை இன்னும் எளிது. குடும்பத்துக்கு ஒரு தாள்: பட்டா யார் பெயரில், சர்வே எண் என்ன, அவர் எப்போது இறந்தார், இறப்புச் சான்று இருக்கிறதா, மகன்கள் யார், மகள்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள். மகள்கள் பெயரை விட்டுவிட்டுத் தருகிற தாளை வாங்காதீர்கள், திருப்பிக் கொடுத்து எழுதி வரச் சொல்லுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். நாம் இருக்கிற இந்த மனை யார் பெயரில் இருக்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். அதே கேள்வியை அம்மாவிடமும் அத்தையிடமும் கேளுங்கள். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொல்லாவிட்டால் முதல் தாள் உங்கள் வீட்டுக்குத்தான்.